ஜிங்க் 21-ஆ, ஜிங்க் 33-ஆ: இரண்டு பைகளையும் வாங்கிப் பார்த்ததில்

சம்பாவுக்கு அடியுரம் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உரக்கடையில் துத்தநாக சல்பேட் இரண்டு வகையாகக் கிடைக்கிறது. ஒரு பையில் துத்தநாகம் 21 சதவீதம் என்று போட்டிருக்கும், இன்னொன்றில் 33 சதவீதம். எங்கள் பாபநாசம் பக்கத்தில் எல்லோரும் ஜிங்க் 21, ஜிங்க் 33 என்றுதான் கேட்டு வாங்குகிறோம். இரண்டையும் ஒரே கடையில் வாங்கி, வீட்டில் சோதித்து, வயலிலும் போட்டுப் பார்த்துவிட்டேன். கம்பெனிப் பெயர்களை எழுதப் போவதில்லை. கம்பெனிக்குக் கம்பெனி பை மாறுமே தவிர, இந்த இரண்டு வகைகளின் குணம் மாறாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணலில் கலந்து வயலில் வீசுவதற்கு 33 நல்லது. இலையில் தெளிப்பதற்கு 21 நல்லது. இரண்டு வேலைக்கும் ஒரே பைதான் வாங்க முடியும் என்றால் 21 வாங்குங்கள், ஆனால் சித்திரை வெயிலைத் தாண்டி அதை வைத்திருக்காதீர்கள். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். எல்லாமே அந்தப் பைக்குள் இருக்கும் தண்ணீரைப் பொறுத்த விஷயம்.

பைக்குள் தண்ணீரா என்று கேட்பீர்கள். கையில் அள்ளினால் ஈரமே தெரியாது. ஆனால் 21 வகை என்பது ஹெப்டாஹைட்ரேட். ஒவ்வொரு துத்தநாக சல்பேட் அலகோடும் ஏழு தண்ணீர் மூலக்கூறுகள் படிகத்துக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கின்றன. 33 வகை மோனோஹைட்ரேட். அதில் ஒரே ஒரு தண்ணீர்தான். சுத்தமான ஹெப்டாவில் எடைக்கு 44 சதவீதம் தண்ணீர், மோனோவில் 10 சதவீதம். அதாவது 21 வகையில் பத்துக் கிலோ பையைத் தலையில் தூக்கினால், அதில் கிட்டத்தட்ட நாலரை லிட்டர் தண்ணீரையும் சேர்த்துத் தூக்குகிறோம். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. அந்தப் படிகமே தண்ணீர் இல்லாமல் உருவாகாது. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையும் இரண்டு வகைக்கும் தனித்தனி அளவு வைத்திருக்கிறது. ஹெப்டாவில் துத்தநாகம் குறைந்தது 21 சதவீதம், மோனோவில் குறைந்தது 33 சதவீதம் இருக்க வேண்டும்.

இப்போது விலைக்கு வருவோம். நான் வாங்கியபோது 21 வகை பத்துக் கிலோ பை 680 ரூபாய். 33 வகை ஐந்து கிலோ பை 500 ரூபாய். கிலோ 68-க்கும் கிலோ 100-க்கும் நடுவில் நின்று பார்த்தால் யாருக்குமே 21-தான் மலிவு என்று தோன்றும். கடையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டு போனார். ஆனால் நமக்கு வேண்டியது துத்தநாகம். பத்துக் கிலோ 21-இல் 2.1 கிலோ துத்தநாகம் இருக்கிறது. ஒரு கிலோ துத்தநாகத்துக்கு 324 ரூபாய் ஆகிறது. ஐந்து கிலோ 33-இல் 1.65 கிலோ. ஒரு கிலோவுக்கு 303 ரூபாய். கணக்குப் போட்டால் விலை கூடுதலாகத் தெரிந்த பைதான் மலிவு. உங்கள் ஊர் விலை வேறாக இருக்கும். கணக்கு இதே கணக்குதான்: பை விலையை, பையின் எடையாலும் சதவீதத்தாலும் வகுத்துப் பாருங்கள். 33-இன் கிலோ விலை, 21-இன் கிலோ விலையைப் போல ஒன்றரை மடங்கைக் கொஞ்சம் தாண்டும் வரை 33 நட்டமில்லை.

அதே சமயம் மிச்சம் பெரிய தொகை என்று நினைக்க வேண்டாம். ஏக்கருக்கு நாற்பது ரூபாய் மிஞ்சும். அதற்காக மட்டும் நான் 33 பக்கம் போயிருக்க மாட்டேன்.

நான் பிஎஸ்சி வேதியியல் படித்துவிட்டு அப்பாவோடு விவசாயத்துக்கு வந்தவன். எங்களுக்குப் பன்னிரண்டு மா நிலம், அதாவது நாலு ஏக்கர். படிகநீர் பற்றிக் கல்லூரியில் பரீட்சைக்குப் படித்தது, உரப்பையைப் பிரித்தபோதுதான் எனக்கு உயிரோடு கண்ணில் தெரிந்தது.

21 பையைப் பிரித்ததும் ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பாருங்கள். புதுச் சரக்காக இருந்தால் கல்கண்டு உடைத்த மாதிரி கண்ணாடிப் பளபளப்போடு, ஊசி ஊசியாக, கொஞ்சம் ஊடுருவித் தெரியும். விரலால் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். அந்தக் கண்ணாடித் தன்மையே தண்ணீர் கொடுத்ததுதான். ஏழு தண்ணீரில் ஆறு, துத்தநாக அயனியை ஆறு பக்கமும் சூழ்ந்து நிற்கின்றன. ஏழாவது சல்பேட்டுக்குப் பக்கத்தில் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உலர்ந்த காற்றில் இந்தத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். அப்போது பளபளப்பு போய், படிகத்தின் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். பங்குனி, சித்திரையில் வாய் திறந்து கிடந்த பையில் மேல் அடுக்கு இப்படித்தான் இருக்கும்.

வெள்ளை பூத்த ஜிங்க் கெட்டுப்போனது என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. போனது தண்ணீர் மட்டும்தான். கிலோ கணக்கில் நிறுத்து வாங்கினால், அப்படிப் பூத்த சரக்கில் கிலோவுக்குத் துத்தநாகம் கூடத்தான் இருக்கும். எங்கள் கடைக்காரர் பழைய பை என்று விலை குறைத்துக் கொடுத்தால் நான் மறுக்காமல் வாங்கிக்கொள்வேன்.

33 பையில் இந்தப் பளபளப்பு எதுவும் இல்லை. சுண்ணாம்புப் பொடி போல மந்தமான வெள்ளை. ஒழுங்காகக் காய்ந்த சரக்கு கையில் ஒட்டாமல் வழுக்கி விழும். இதில் இருக்கும் ஒரே தண்ணீர் லேசில் போகாது. அது இரண்டு துத்தநாக அயனிகளுக்கு நடுவில் பாலமாக நிற்கிறது. 200 டிகிரியைத் தாண்டிச் சூடாக்கினால்தான் அது விடும். அதனால் எந்த வெயிலிலும் இந்தப் பை உள்ளபடியே இருக்கும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. சமையலுக்குப் பயன்படாத பழைய இரும்புக் கரண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பத்து கிராம் 21 வகைப் படிகத்தைப் போட்டு, சிறு தீயில் காட்டுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் படிகங்களின் ஓரம் ஈரமாகும். வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமலே மொத்தமும் சரிந்து, தெளிந்த திரவமாகிக் கொதிக்கத் தொடங்கும். தன் தண்ணீரிலேயே தானே கரைகிறது. ஆவி போகப் போகக் குழம்பாகி, கடைசியில் படபடவென்று வெடித்து வெள்ளைப் பொருக்காகக் கரண்டியில் பிடித்துக்கொள்ளும். ஆறியதும் நிறுத்தேன். நகைக்கடைத் தராசு மாதிரி சின்னத் தராசு ஒன்று என்னிடம் இருக்கிறது. பத்து கிராம், ஆறு கிராமும் கொஞ்சமுமாக இறங்கியிருந்தது. ஏழில் ஆறு தண்ணீர் போனால் கணக்குப்படி மிஞ்ச வேண்டியது 6.24 கிராம். என் அப்பா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா தண்ணிய காசு குடுத்து வாங்கியிருக்கோமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அதில் தப்பில்லை என்பதையும் விளக்கினேன்.

அதே கரண்டியைக் கழுவித் துடைத்து 33 வகையைப் போட்டுக் காட்டினால், அது சும்மா இருக்கும். ஈரம் விடாது, உருகாது. எடையும் அப்படியே நிற்கும். இந்தச் சோதனையின் உண்மையான பயன் இங்கேதான். 33 என்று அச்சடித்த பைக்குள் 21-ஐப் பொடித்துப் போட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கரண்டியில் வேர்த்துவிட்டால் தெரிந்துவிடும்.

கரண்டி பிடிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. இரண்டு டம்ளரில் பாதிப் பாதி தண்ணீர் எடுத்து, ஒன்றில் 21, மற்றதில் 33, நான்கைந்து கரண்டி தாராளமாகப் போட்டுக் கலக்குங்கள். டம்ளரைக் கையால் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். 21 போட்ட டம்ளர் குளிரும். 33 போட்ட டம்ளர் வெதுவெதுப்பாகும். 33-இல் உள்ள துத்தநாகம் தண்ணீருக்கு ஏங்கிக் கிடக்கிறது. தன்னைச் சுற்றி ஆறு தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும்போது வெப்பம் வெளியாகிறது. 21-க்கு அந்தத் தண்ணீர் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. படிகம் கலைவதற்கு வெப்பம் வேண்டும், அதை டம்ளர் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளிடம் இரண்டு டம்ளரையும் கொடுத்தேன். எது எந்தப் பை என்று அவளே சரியாகச் சொல்லிவிட்டாள்.

இனிப் போலியைப் பற்றி. இதை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணமே இதுதான். ஜிங்க் சல்பேட்டில் மக்னீசியம் சல்பேட்டைக் கலப்பது இந்த நாட்டு உர வியாபாரத்தில் பழைய கதை. மக்னீசியம் சல்பேட் கெட்ட பொருள் இல்லை. தென்னைக்கு நாமே வாங்கிப் போடுகிறோம். ஆனால் விலை மிகக் குறைவு. இதை ஜிங்க் பையில் அடைத்து விற்றால் வாங்குகிறவர் வயலுக்குத் துத்தநாகம் போய்ச் சேராது. எங்கள் ஊரில் சித்தப்பா முறையுள்ள ஒருவர் அப்படி ஒரு பையை வாங்கி வீசியிருக்கிறார். கடை எது, கம்பெனி எது என்று இங்கே எழுதப் போவதில்லை. நட்ட மூன்றாம் வாரத்தில் வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் குட்டையாகி, கீழ் இலைகளில் துருப்பிடித்தது போலப் புள்ளி விழுந்தபோது, "ஜிங்க் போட்டும் இப்பிடி வருதேப்பா" என்று என்னிடம் வந்தார். பையில் மிஞ்சியிருந்ததைப் பார்த்தேன். பளபளப்பாக, அழகாகத்தான் இருந்தது.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாததற்குக் காரணம் அந்த ஏழு தண்ணீர்தான். மக்னீசியம் சல்பேட்டும் ஏழு தண்ணீரோடுதான் படிகமாகிறது. துத்தநாக அயனியும் மக்னீசிய அயனியும் கிட்டத்தட்ட ஒரே பருமன். இரண்டையும் அதே ஆறு தண்ணீர் அதே அமைப்பில் சூழ்கின்றன, ஏழாவதும் அதே இடத்தில் நிற்கிறது. அதனால் இரண்டு படிகங்களும் ஒரே வார்ப்பு. ஒன்றின் இடத்தில் மற்றது உட்கார்ந்து, ஒரே படிகத்துக்குள் இரண்டும் கலந்துகூட வளர முடியும். நிறம் இல்லை, வாசனை இல்லை. கரண்டிச் சோதனையிலும் இரண்டுமே வேர்த்து உருகும். மக்னீசியத்தில் தண்ணீர் கொஞ்சம் அதிகம், எடைக்கு 51 சதவீதம். பத்து கிராமில் 5.6 கிராம்தான் மிஞ்சும் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் ஜிங்கையும் தீயை ஏற்றிக் கடைசித் தண்ணீர் வரை விரட்டிவிட்டால் அதே 5.6-க்கு வந்துவிடும். ஆகவே எடையை நம்பி யார் மீதும் குற்றம் சொல்லக் கூடாது.

இதற்குக் காஸ்டிக் சோடாதான் சரியான வழி. சோப்பு செய்கிறவர்கள் வாங்கும் கடையில் கிடைக்கும். கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். கையில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், கண்ணாடி டம்ளர் எடுங்கள். பையில் உள்ளதை ஒரு சிட்டிகை தெளிந்த தண்ணீரில் கரையுங்கள். காஸ்டிக் சோடாக் கரைசலைத் தனியே வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஜிங்காக இருந்தாலும் மக்னீசியமாக இருந்தாலும் முதலில் வெள்ளையாகத் திரளும். அங்கே நிறுத்திவிடாமல் தொடர்ந்து விட்டுக் கலக்கிக்கொண்டே வாருங்கள். ஜிங்க் என்றால் அந்த வெள்ளை மறுபடியும் கரைந்து தண்ணீர் தெளிந்துவிடும். மக்னீசியம் என்றால் எவ்வளவு விட்டாலும் கரையாது. பாதி கரைந்து பாதி நின்றால் கலப்படம். சித்தப்பா வீட்டுப் பையில் வெள்ளை நின்றது. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தப் போகத்துக்குத் தெளிப்பு மூலம் பயிரை ஓரளவு மீட்டோம்.

துத்தநாகம் இல்லாவிட்டால் நெல் இப்படிக் காயும் என்பதே நமக்கு ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம் இல்லை. வடக்கே பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பயிர்நோய் ஆய்வாளர் ஒய். எல். நேனே 1966-இல்தான் கைரா என்ற நெல் நோய்க்குக் காரணம் துத்தநாகக் குறை என்று காட்டினார். அதுவரை வியாதி என்று மருந்தடித்துக்கொண்டிருந்த வயல்களில் ஜிங்க் தெளித்ததும் பயிர் பச்சை கட்டியது. தண்ணீர் தேங்கி நிற்கும் வயலில் மண்ணில் உள்ள துத்தநாகம் வேருக்கு எட்டாமல் போகிறது. நம் டெல்டா அப்படிப்பட்ட நிலம். அதனால்தான் இந்தப் பை விஷயத்தில் இவ்வளவு அக்கறை காட்டுகிறேன்.

வைத்திருப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். 21 பையின் பெரிய குறை இங்கேதான். 39 டிகிரி வெப்பத்தை எட்டும்போது ஹெப்டாவின் ஏழு தண்ணீரில் ஒன்று கழன்று, ஆறு தண்ணீர்ப் படிகமாக மாறுகிறது. கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் 39 டிகிரி என்பது பகலில் வந்து போகும் சாதாரண விஷயம். கழன்ற தண்ணீர் வாய் கட்டிய பையை விட்டு எங்கே போகும்? படிகங்களின் மேல் பரவி, கொஞ்சம் உப்பையும் கரைத்து வைத்துக்கொள்ளும். ராத்திரி குளிர்ந்ததும் மறுபடி படிகமாகும்போது பக்கத்துப் படிகத்தோடு சேர்ந்து இறுகும். தினமும் இப்படி நடந்தால் பை ஒரே பாறையாகிவிடும். சம்பாவுக்கு வாங்கி மிஞ்சிய பையை அடுத்த குறுவைக்கு எடுத்தவர்களுக்கு இது தெரியும். உலக்கையால் இடித்துத்தான் எடுக்க வேண்டும். துத்தநாகம் எங்கும் போய்விடவில்லை, இடித்துச் சலித்துப் போடலாம். ஆனால் நடவு நாளன்று ஆட்கள் வரப்பில் காத்திருக்கும்போது அந்த வேலை தாங்காது.

33-க்கு வெயில் பயம் இல்லை. மழைதான் பகை. ஐப்பசியில் ஓட்டை வழியாக ஈரம் பட்டால் அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, கூடுதல் தண்ணீர் உள்ள படிகமாக மாறத் தொடங்கும். மாறும்போது இறுகிவிடும். இந்த இறுக்கம் 21-இன் இறுக்கத்தைவிட மோசம். உள் பிளாஸ்டிக் உறை உள்ள பையாகப் பார்த்து வாங்கி, மிஞ்சினால் உறையை முறுக்கிக் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். நாங்கள் மூடி போட்ட பழைய பெயின்ட் வாளியில் வைக்கிறோம்.

இப்போது வயலில் போடுவது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட், 50 கிலோ உலர்ந்த மணலோடு கலந்து, நடவுக்குச் சற்று முன்னால் வீச வேண்டும் என்பது. ஏக்கருக்குப் பத்துக் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். தக்கைப்பூண்டு மாதிரி பசுந்தாள் உரம் மடக்கி உழுதிருந்தால் பாதி போதும். இந்தப் பத்துக் கிலோ கணக்கு 21 வகைக்கு. அதே துத்தநாகத்துக்கு 33 வகையில் 6.4 கிலோ வேண்டும்.

இங்கே 33 விற்பவர்கள் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. பை ஐந்து கிலோ. கடையில் கேட்டால், "ஏக்கருக்கு ஒரு பை போட்டாப் போதும் தம்பி, அது பவர் ஜாஸ்தி" என்கிறார்கள். ஐந்து கிலோ 33 என்பது, 21 வகையில் எட்டுக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. ஏக்கருக்குப் போட வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. ஆறரைக் கிலோவுக்கு ஒரு பை போட்டால் எவ்வளவோ வசதி. பையிலும் சதவீதத்தைப் பெரிதாகப் போடுகிறார்கள், ஏக்கருக்கு எத்தனை கிலோ என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. நான் நாலு ஏக்கருக்கு ஐந்து பை வாங்கி, மொத்தமாகக் கொட்டிப் பிரித்துக்கொள்கிறேன். கணக்கு கிட்டத்தட்ட சரியாக வந்துவிடுகிறது.

வீசுவதற்கு 33 அருமையாக இருக்கிறது. பொடி மணலோடு ஒரே சீராகக் கலக்கிறது. 21-இன் பெரிய படிகங்கள் மணலுக்கு அடியில் இறங்கி, வாளியில் கடைசி அள்ளலில் ஜிங்காகவே வரும். வரப்பில் தூக்கிப் போகும் சுமையும் நாலு ஏக்கருக்குப் பதினாலு கிலோ குறைகிறது. உரம் வீச வருகிற அண்ணனுக்கும் இதுதான் பிடித்திருக்கிறது. ஒன்று மட்டும் கவனம். காற்றடிக்கும் நேரத்தில் பொடி கண்ணுக்கும் மூக்குக்கும் வரும். துண்டால் முகத்தைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

டிஏபியோடு, அதாவது டைஅம்மோனியம் பாஸ்பேட் உரத்தோடு, எந்த ஜிங்கையும் கலந்து வீசாதீர்கள். காரணத்தை நீங்களே பார்க்கலாம். டிஏபியைத் தண்ணீரில் கரைத்துத் தெளிந்த நீரை மேலாக எடுத்து, ஜிங்க் கரைசலில் ஊற்றுங்கள். உடனே திரிதிரியாகக் கெட்டியான வெள்ளை இறங்கும். அதுதான் துத்தநாக பாஸ்பேட், தண்ணீரில் கரையாது. வயலிலும் வேருக்குப் போக வேண்டிய இரண்டு சத்தும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிடக்கும். டிஏபியை முன்னதாகக் கடைசி உழவில் போட்டுவிட்டு, ஜிங்கைத் தனியாக மேலாக வீசுகிறோம்.

தெளிப்புக்கு வந்தால் என் ஓட்டு 21-க்குத்தான். பயிரில் குறை தெரிந்த பிறகு, பரிந்துரைப்படி 0.5 சதவீத ஜிங்க் சல்பேட்டும் ஒரு சதவீத யூரியாவும் சேர்த்துத் தெளிக்க வேண்டும். பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஜிங்க், 100 கிராம் யூரியா. ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் ஒரு கிலோ ஜிங்க், இரண்டு கிலோ யூரியா. 21 வகைப் படிகம் தண்ணீரைக் கண்டதும் கரைந்துவிடுகிறது. தன் தண்ணீரோடு வந்ததால் அதற்குத் தயக்கமே இல்லை. 33 அப்படி இல்லை. வாளியில் போட்டதும் அடியில் போய்ப் படிந்து, கட்டி கட்டியாக நிற்கிறது. மேல்பக்கம் தண்ணீரைப் பிடித்துத் தடித்துக்கொள்ள, உள்ளே உலர்ந்தே கிடக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி நின்று நிதானமாகக் கலக்க வேண்டும், அப்புறம் வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். அவசரப்பட்டு டேங்கில் ஊற்றினால் நாசில் அடைத்துக்கொள்ளும். 33-தான் கையில் இருக்கிறது என்றால் பத்து லிட்டருக்கு 32 கிராம் போதும். 50 கிராம் போட்டால் கரைசல் ஒன்றரை மடங்கு கடுமையாகிவிடும், இளம் இலை நுனி கருகும்.

இடிடிஏ என்ற கரிமப் பொருளோடு பிணைத்த ஜிங்க் என்று 12 சதவீதத்தில் சின்னப் பொட்டலம் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். தெளிப்புக்கு நல்ல சரக்கு, எளிதில் கரைகிறது. விலைதான் நெல்லுக்குக் கட்டவில்லை. காய்கறி போடுகிறவர்கள் பார்க்கலாம்.

போன சம்பாவுக்கு எங்கள் வயலில் 33-ஐ அடியில் வீசிய பாத்திக்கும் 21 வீசிய பாத்திக்கும் பயிரில் எந்த வித்தியாசமும் கண்ணில் படவில்லை. இரண்டிலும் துரு விழவில்லை. வேர் உறிஞ்சுவது ஒரே துத்தநாக அயனியைத்தான், மண்ணின் ஈரத்தில் விழுந்த பிறகு ஏழு தண்ணீரும் ஒரு தண்ணீரும் ஒன்றுதான். வித்தியாசம் எல்லாம் கடையிலிருந்து வரப்பு வரைக்கும்தான்.

கடைசியாக, சோதனையில் பை தேறவில்லை என்றால் என்ன செய்வது? கடையில் சண்டை போட்டுப் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தால் அதே பை அடுத்தவர் வீட்டுக்குப் போகும். நம் வீட்டுச் சோதனை நமக்குச் சந்தேகத்தைக் காட்டும், சட்டத்துக்கு அது சாட்சி இல்லை. ரசீதையும் பையில் அச்சடித்த தொகுதி எண்ணையும் எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். உர ஆய்வாளர் முறைப்படி மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கடையில் அதே தொகுதி எண்ணில் பிரிக்காத பைகள் இருக்கும்போதே போய்ச் சொன்னால்தான் அது நடக்கும். ஆகவே வாங்கி வந்த அன்றே ஒரு சிட்டிகையை டம்ளரில் போட்டுப் பாருங்கள், நடவு நாள் வரைக்கும் தள்ளிப் போடாதீர்கள். ரசீது இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். ரசீதில் "ஜிங்க்" என்று மொட்டையாக எழுதினால், ஹெப்டாவா மோனோவா என்றும் தொகுதி எண் என்ன என்றும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.